ஒரு நம்பர்ல போச்சு

சிங்கப்பூரில் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குத் தேக்கா பக்கம் பூல்ஸ் லாட்டரிக் கடையைத் தாண்டிப் போனால், வரிசை வாசலுக்கு வெளியே நிற்பதைப் பார்க்கலாம். குலுக்கல் ஆறரைக்கு. சுவரோரம் குனிந்து சீட்டு நிரப்புகிறவர் ஒவ்வொருவரிடமும் ஒரு நம்பர் இருக்கிறது: முன்னால் போன லாரியின் நம்பர், பேத்தி பிறந்த நேரம், கனவில் வந்த பிளாக் நம்பர். மறுநாள் காலை கோப்பிக் கடையில் காதைக் கொடுத்தால், "அடிக்கலை" என்பதைவிட "ஒரு நம்பர்ல போச்சுண்ணே" என்பதுதான் அதிகம் கேட்கும். அந்த வரிக்கும் மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற ரசாயனத்துக்கும் உள்ள தொடர்புதான் இந்தக் கட்டுரை.

புலம்பல் என்று ஒதுக்க வேண்டாம், கணக்கே அப்படித்தான் இருக்கிறது. 4டி என்ற நான்கு இலக்க லாட்டரியில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை 23: முதல் மூன்று பரிசுகள், ஸ்டார்ட்டர் 10, ஆறுதல் பரிசு 10. ஒரு நம்பரை இந்த 23க்கும் சேர்த்து, அதாவது 'பிக்' (Big) கட்டினால் ஏதாவது ஒரு பரிசு விழ வாய்ப்பு 0.23 விழுக்காடு. வாரத்துக்கு மூன்று குலுக்கல், விடாமல் அதே நம்பர் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 435 குலுக்கலுக்கு ஒரு தடவை விழும். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒரு தடவை.

இனி "கிட்டத்தட்ட" கணக்கு. எந்த நான்கு இலக்க எண்ணுக்கும், ஓர் இலக்கம் மட்டும் மாறிய எண்கள் 36 உண்டு. நான்கு இடம், ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது மாற்று. நான்கும் வெவ்வேறு இலக்கங்கள் என்றால் வரிசை மாறிய எண்கள் இன்னும் 23. ஆகமொத்தம் 59. ஒரு வெற்றிக்கு 59 "ஐயோ". விடாமல் கட்டுகிறவருக்குச் சராசரியாக எட்டுக் குலுக்கலுக்கு ஒரு தடவை, அதாவது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அந்த "ஐயோ" வரும். விழுவது ஆண்டுக்கணக்கில், தவறுவது வாரக்கணக்கில்.

டோபமைனை "இன்ப ரசாயனம்" என்று எழுதிப் பழகியவர்களால் இந்த வரிசையை விளக்க முடியாது. இன்பம் கிடைக்கிற இடத்துக்கு ஆள் திரும்பி வருவது சரி. மூன்று ஆண்டில் ஒரே ஒரு நாள் இன்பம் கிடைத்த இடத்துக்கு ஏன் வாரம் மூன்று தடவை வர வேண்டும்? 2009இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் சூதாட்ட இயந்திரம் போன்ற ஒரு விளையாட்டை ஆடவைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். மயிரிழையில் தவறியபோது, "பிடித்திருந்ததா?" என்ற கேள்விக்கு ஆடியவர்கள் சாதாரணத் தோல்வியைவிடக் குறைவான மதிப்பெண் கொடுத்தார்கள். "இன்னும் ஆட வேண்டுமா?" என்ற கேள்விக்கு அதே ஆட்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். வெற்றி பெறும்போது விழிக்கிற அதே பகுதிகள் அப்போதும் விழித்தன. பிடிக்கவில்லை, ஆனால் வேண்டும். டோபமைன் வேலை செய்வது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சரக்கு மிகக் கொஞ்சம். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்க, டோபமைன் சுரப்பவை சில லட்சம் மட்டுமே. நடுமூளையில் அக்கம்பக்கமாக இரண்டு கூட்டங்கள். ஒன்று சப்ஸ்டான்ஷியா நைக்ரா, அங்கிருந்து இழைகள் அசைவையும் பழக்கத்தையும் கவனிக்கும் ஸ்ட்ரையேட்டத்தின் மேல்பகுதிக்குப் போகின்றன. மற்றது வி.டி.ஏ. (வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியா), அது ஆசை சார்ந்த நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதிக்கும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்கும் அனுப்புகிறது. எண்ணிக்கை குறைவு என்றாலும் ஒவ்வொரு நரம்பணுவின் இழையும் கிளைவிட்டுக் கிளைவிட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைத் தொடும். எம்.ஆர்.டி. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி என்று சொல்லலாம். அறிவிப்பவர் ஒருவர், மேடை முழுக்கக் கேட்கிறது, அவரவர் நிற்கிற இடத்தைப் பொறுத்து என்ன செய்வது என்பது மாறுகிறது.

தயாரிப்பு எளிது. பருப்பு, முட்டை, கோழி, சோயா எதில் இருந்தும் வரும் டைரோசின் என்ற அமினோ அமிலம் எல்-டோபா ஆகிறது, எல்-டோபா டோபமைன் ஆகிறது. முதல் படியைச் செய்யும் நொதிதான் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மதகு. சாதாரணமாகச் சாப்பிடுகிறவர் மூளையில் அந்த நொதிக்குத் தேவையான டைரோசின் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அதனால் "டோபமைன் கூட்டும்" மாத்திரை என்று டைரோசின் டப்பா வாங்கி விழுங்குவது, நிரம்பிய வாளியின் மேல் குழாயைத் திறந்துவிடுவது மாதிரி. வாழைப்பழக் கதையும் அதே. வாழையில், முக்கியமாகத் தோலில், டோபமைன் இருப்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் இருக்கும் டோபமைன் மூளைக்குள் நுழைய முடியாது, ரத்த-மூளைத் தடுப்பு விடாது. நுழையக்கூடியது எல்-டோபா. அது நிஜமாகவே இருக்கும் ஒரு விதை நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது: பூனைக்காலி. டோபமைன் நரம்பணுக்கள் அழிந்து அசைவு தடுமாறும் நோய் பார்க்கின்சன். இந்தப் பூனைக்காலியைப் பொடியாக வாங்கி வீட்டிலிருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு "இயற்கை மருந்துதானே" என்று கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இயற்கையோ செயற்கையோ, அவர் ஏற்கெனவே விழுங்கும் மாத்திரையில் இருப்பதும் அதே எல்-டோபாதான். ஒரு கரண்டியில் எவ்வளவு என்று தெரியாமல் மேலே சேர்த்தால் கைகால் தன்னிச்சையாக நெளிவதும், ரத்த அழுத்தம் சரிவதும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் நடக்கும். டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

பரோட்டா கடைக் கணக்கு

டோபமைன் நரம்பணுக்கள் சும்மா இருக்கும்போது நொடிக்கு நாலைந்து தடவை துடித்துக்கொண்டிருக்கும். எதிர்பாராத நல்லது ஒன்று வந்தால் அது திடீரென்று 20 தடவைக்கு மேல் எகிறும். தூண்டியதிலிருந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தொடங்கி, ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். உல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்து இதை அளந்தார். முதலில் சாறு நாக்கில் பட்டதும் எகிறியது. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்குக்கு எகிறியது, சாற்றுக்கு ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால், சாறு வந்திருக்க வேண்டிய அந்த நேரத்தில் துடிப்பு அப்படியே விழுந்தது. பீட்டர் டயான், ரீட் மான்டேக் இருவரும் இதற்குக் கணக்கு போட, மூவரும் சேர்ந்து 1997இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவது எதுவோ, அதைத்தான் டோபமைன் சொல்கிறது. கணிப்புப் பிழை என்பார்கள்.

சூத்திரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பரோட்டாவில் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குக் கீழே புதிதாக ஒரு கடை. சாதாரணக் குழம்போடு காசு வாங்காமல் ஒரு கரண்டி ஆட்டுக்கறிக் குழம்பும் ஊற்றுகிறார். அந்தக் கரண்டியின் மதிப்பு 10 என்று வைப்போம். முதல் நாள் எதிர்பார்ப்பு 0, கிடைத்தது 10, பிழை 10. பிழையில் ஐந்தில் ஒரு பங்கு எதிர்பார்ப்பில் சேரும், ஆக எதிர்பார்ப்பு 2. இரண்டாம் நாள் பிழை 8, எதிர்பார்ப்பு 3.6. மூன்றாம் நாள் பிழை 6.4, எதிர்பார்ப்பு 4.9 பக்கம். பத்து நாளில் எதிர்பார்ப்பு 8.9, இருபது நாளில் 9.9. கரண்டி அதே கரண்டி, குழம்பு அதே குழம்பு, பிழை மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இருபத்தோராம் நாள் அவர் மறந்துவிட்டால் பிழை கழித்தல் 9.9. முதல் நாள் எவ்வளவு தூக்கியதோ அவ்வளவும் இறக்கும். ஓசியில் வந்த ஒரு கரண்டிக்காக, "என்ன அண்ணே, இன்னைக்கு ஊத்தலை?" என்று உரிமையோடு குரல் உயர்வது இதனால்தான். போனஸும் இப்படித்தான் சம்பளமாகிறது. கடைக்காரருக்கு இதில் ஒரு பாடம் உண்டு, ஆனால் அது வியாபாரம் பற்றிய கட்டுரை.

எகிறல் முன்னால் நகரும் என்பதை விட்டுவிடக் கூடாது. இருபது நாளுக்குப் பிறகு டோபமைன் எகிறுவது குழம்புக்கு அல்ல. லிஃப்ட் கதவு திறந்ததும் வரும் வாசனைக்கு. அதற்கும் முன்னால், லிஃப்ட் பொத்தானை அழுத்தும்போது. பரிசுக்கு முன்னால் வருகிற மிக முந்தைய, நம்பத்தகுந்த அறிகுறி எதுவோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். கைப்பேசி அதிரும் அந்த "ட்ர்ர்" சத்தத்துக்குக் கை போகிறதே, செய்தியில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்னாலேயே, அது இந்த நகர்வு.

உயர்வும் சரிவும் ஒரே வேகத்தில் பதிவதில்லை. துடிப்பு நொடிக்கு 5இலிருந்து 30க்கு ஏறலாம், ஆனால் இறங்கினால் 0க்குக் கீழே போக வழியில்லை. அதனால் ஏமாற்றத்தின் அளவை எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தது என்பதில்தான் சொல்ல முடிகிறது. கேட்கிற பக்கத்தில், டோபமைன் வந்து உட்காரும் ஏற்பிகள் டி1 முதல் டி5 வரை ஐந்து வகை. டோபமைன் எகிறும்போது டி1 உள்ள பாதை வலுப்பட்டு "செய்" என்கிறது. சரியும்போது டி2 பாதை வலுப்பட்டு "விடு" என்கிறது. மைக்கேல் ஃபிராங்க் 2004இல் பார்க்கின்சன் நோயாளிகளிடம் இதைக் காட்டினார். மருந்து எடுக்காதபோது அவர்கள் தவறுகளிலிருந்து நன்றாகக் கற்றார்கள், மருந்து எடுத்தபோது பரிசுகளிலிருந்து நன்றாகக் கற்றார்கள். மருந்து டோபமைனை எப்போதும் மேலே தாங்கிப் பிடிப்பதால் சரிவு சரியாகப் பதிவதில்லை.

அந்தக் கடைசி வரி இங்கே பல குடும்பங்களுக்கு நேரடியாக வேண்டியது, கீழே வருகிறேன்.

நிச்சயமின்மை தனி விஷயம். 2003இல் ஷுல்ட்ஸ் குழு, சாறு கிடைக்கும் வாய்ப்பை 0, 25, 50, 75, 100 விழுக்காடு என்று மாற்றிப் பார்த்தது. அறிகுறிக்கும் பரிசுக்கும் இடையில் இருக்கும் ஒன்றிரண்டு நொடியில் டோபமைன் மெல்ல ஏறிக்கொண்டே போவது 50 விழுக்காட்டில்தான் அதிகம். வருமா வராதா என்று சரிபாதி தெரியாத நிலை. பிள்ளைகள் வாங்கும் 'பிளைன்ட் பாக்ஸ்' பொம்மைகளைக் கவனியுங்கள். உள்ளே எது என்று தெரிந்துவிட்டால் அதே பொம்மையை அந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்? காசு கொடுப்பது பெட்டியைக் குலுக்கிப் பார்க்கும் அந்த அரை நிமிடத்துக்கு. இழுத்துவிட்டால் புதியது வரும் திரையும் அதே பெட்டிதான், ஓசியில், முடிவில்லாமல்.

பிடிப்பதும் வேண்டுவதும்

மிச்சிகனில் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் டோபமைனை ஏறக்குறைய முழுக்க அழித்துவிட்டு, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டார். எலிகள் நாக்கை நீட்டி நக்கின, ரசிக்கும் எலி எப்படி நக்குமோ அப்படியே. ஆனால் தட்டில் சாப்பாட்டை வைத்தால் நடந்துபோய் எடுக்கவில்லை. ஊட்டாவிட்டால் பட்டினியால் செத்துவிடும். ருசிப்பது இருக்கிறது, தேடிப் போவது போய்விட்டது. ருசிப்பதற்கு வேறு ஏற்பாடு: நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்குள்ளேயே எலியில் ஒரு கன மில்லிமீட்டர் அளவே உள்ள சில இடங்கள், அங்கே வேலை செய்வது அபின் வகையைச் சேர்ந்த, உடம்பே தயாரிக்கும் ரசாயனங்கள்.

டோபமைன் தேடிப் போக வைக்கிறது என்றால் எவ்வளவு தூரம்? ஜான் சலமோனின் சோதனை இதற்கு நல்ல பதில். எலிக்கு இரண்டு வழி: நெம்புகோலை ஐந்து தடவை அழுத்தினால் பிடித்த தீனி, சும்மா பக்கத்திலேயே கிடக்கும் சாதாரணத் தீனி. சாதாரண எலி அழுத்தி வாங்கித் தின்னும். டோபமைனைத் தடுத்த எலிக்குப் பசி குறையவில்லை, பிடித்த தீனி எது என்பதும் மாறவில்லை, மெனக்கெடுவதுதான் மாறியது. பக்கத்தில் கிடப்பதைத் தின்றுவிட்டுப் போய்விட்டது.

"சோம்பேறி" என்ற சொல்லை நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணமாகப் போடுகிறோம் என்று இந்த இடத்தில் யோசிக்கலாம். பார்க்கின்சன் வந்த தாத்தா தொலைக்காட்சி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார், பேரன் பிறந்தநாளுக்குக்கூட எழுந்து வரவில்லை. பாசமில்லாமல் இல்லை. கேக்கைக் கொண்டுபோய் வாயருகே நீட்டினால் ரசித்துச் சாப்பிடுவார். எழுந்து வருவதன் விலை அவர் மூளையில் ஏறிவிட்டது. மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கும் இதே பெயர்தான் கிடைக்கிறது. அந்த மருந்துகளில் பெரும்பாலானவை டி2 ஏற்பியை அடைக்கின்றன. நோய் அடங்க ஏறக்குறைய 65 விழுக்காடு ஏற்பிகள் அடைபட வேண்டும், 80ஐ நெருங்கினால் உடல் விறைப்பு, நடுக்கம் தொடங்கும். இடைவெளி மிகக் குறுகல். பையன் காலையில் எழாததற்கு நோயும் காரணமாக இருக்கலாம், மருந்தின் அளவும் காரணமாக இருக்கலாம். திட்டுவதற்குப் பதிலாக ஒரு வாரம் எத்தனை மணிக்கு எழுந்தான், மாத்திரை எத்தனை மணிக்கு என்று குறித்துக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினால் அவர் அளவை மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது. மாத்திரையை நீங்களே நிறுத்துவது மட்டும் கூடாது.

இனி மேலே சொன்ன குடும்ப விஷயம். பார்க்கின்சனுக்கு எல்-டோபாவோடு அல்லது அதற்குப் பதிலாக பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் கொடுப்பதுண்டு. இவை டோபமைன் வேடமிட்டு ஏற்பியில் உட்காரும், அதிலும் ஆசை சார்ந்த பகுதிகளில் அதிகமுள்ள டி3 ஏற்பியை விரும்பிப் போகும். 2010இல் வெளிவந்த, 3,000க்கும் அதிகமான நோயாளிகளைப் பார்த்த ஆய்வில், இந்த மாத்திரை எடுத்தவர்களில் 17 விழுக்காட்டினரிடம் கட்டுக்கடங்காத சூதாட்டம், வாங்கிக் குவிப்பது, அளவில்லாத தீனி, காம வேட்கை இவற்றில் ஒன்றாவது இருந்தது. எடுக்காதவர்களில் 7 விழுக்காடு. வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்த அறுபத்தைந்து வயது மனிதர் திடீரென்று கசினோவுக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவுக் கட்டணம் கட்டிப் போகத் தொடங்கினால், குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். வெட்கம் ஒரு காரணம், அது தவறாகவே படவில்லை என்பது இன்னொரு காரணம். மாத்திரையைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் சட்டென்று நிறுத்தினால் பதற்றம், வியர்வை, சோர்வு என்று வேறு தொல்லை வரும், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எல்-டோபா மாத்திரையில் இன்னொரு சிறிய, தினசரி விஷயம். குடலிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து மூளைக்கும் அது போகும் வாசலும், புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் போகும் வாசலும் ஒன்றே. இட்லியோடு சாம்பாரும் முட்டையும் சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டால் நெரிசலில் மாத்திரை தோற்கும், கால் தரையில் ஒட்டிக்கொண்டது மாதிரி நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்து. வயிற்றைப் புரட்டினால் புரதமில்லாத இரண்டு பிஸ்கட். புரதத்தைக் குறைக்க வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளினால் போதும்.

"டோபமைன் டீடாக்ஸ்"

ஒரு நாள் முழுக்கக் கைப்பேசி, இனிப்பு, பாட்டு, பேச்சு எதுவும் வேண்டாம், டோபமைன் "நிரம்பிவிடும்" என்கிறார்கள். டோபமைன் தொட்டியில் தேங்குவது அல்ல. வெளிவந்த டோபமைனைக் 'கடத்தி' என்ற ஒரு புரதம் உடனுக்குடன் நரம்பணுவுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கடத்தியை அடைப்பது கொக்கைன், பின்னோக்கி ஓடவிடுவது 'ஐஸ்' எனப்படும் மெத்தாம்ஃபெட்டமின். எலிகளில் இந்த வகை மருந்து டோபமைனைப் பத்து மடங்குவரை ஏற்றியதை அளந்திருக்கிறார்கள். அந்த எலிப் படத்தின் பக்கத்தில் சாக்லேட், டிக்டாக் என்று ஒரு பட்டை வரைந்து போடுகிறவர்கள், டிக்டாக் பார்க்கும் மனிதரின் மூளைக்குள் யார் எப்போது ஊசியை விட்டு அளந்தார்கள் என்று சொல்வதில்லை. மனிதரிடம் பெரும்பாலும் மறைமுகமாகத்தான் அளக்கிறார்கள். அதற்கு வழக்கமாக 20 நிமிடத்தில் பாதியாகக் கரையும் கதிரியக்கக் கார்பன் வேண்டும், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே வேண்டும்.

விரதத்தில் நடப்பது வேறு. அறிகுறிகள் ஒரு நாள் கண்ணில் படவில்லை, அவ்வளவே. பழைய இணைப்பு அழியாது. பாவ்லோவ் காலம் முதல் தெரிந்ததுதான்: மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறப் பழகிய நாய்க்கு, மணி அடித்துச் சோறு போடாமல் விட்டால் எச்சில் நிற்கும், ஆனால் சில நாள் இடைவெளி விட்டு மணி அடித்தால் திரும்ப ஊறும். எலியை வேறு கூண்டில் பழக்கத்தை விடவைத்துப் பழைய கூண்டுக்குக் கொண்டுவந்தாலும் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கைப்பேசி இல்லாமல் இருந்தவர், திங்கள் இரவு அதே கட்டிலில், அதே தலையணைப் பக்கம், அதே சார்ஜர் வயரைப் பார்த்ததும் பழையபடி ஆவது அந்தக் கூண்டுக் கணக்கு.

அதனால் கை வைக்க வேண்டியது மூன்று இடத்தில்: அறிகுறி, நிச்சயமின்மை, மெனக்கெடல். முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பு மட்டும். கைப்பேசியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் மணி, இடம், அதற்கு முந்தைய செயல் என்று மூன்று சொல். பெரும்பாலும் நாலைந்து இடங்கள்தான் தேறும்: லிஃப்ட் காத்திருப்பு, கழிவறை, கட்டில், கடினமான வேலையில் முதல் தடுமாற்றம். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே வேலையின் சிரமமே அறிகுறியாகிவிட்டது.

அடுத்தது, எப்போது வரும் என்று தெரியாததை எப்போது வரும் என்று தெரிந்ததாக்குவது. வாட்ஸ்அப் குழுக்களை ஓசையில்லாமல் ஆக்கி, அறிவிப்புகளை நாளுக்கு மூன்று வேளை மொத்தமாக வரவைத்தால் "ட்ர்ர்" சத்தம் பரிசைக் குறிப்பதை நிறுத்துகிறது. இங்கே தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு: அறிவிப்பை அணைத்துவிட்டு, தானாகப் போய்ப் பார்க்கும் பழக்கத்தை விடாவிட்டால் நிலைமை மோசமாகும். இப்போது எந்த நிமிடத்திலும் செய்தி இருக்கலாம், இல்லாமலும் போகலாம், சரியாக அந்த 50 விழுக்காடு. வேளை குறித்தால் அந்த வேளையில் மட்டும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் மூன்றாவது. சார்ஜரைச் சமையலறைக்கு மாற்றுங்கள், ஐந்து வெள்ளிக் கடிகாரம் ஒன்றைக் கட்டில் பக்கம் வையுங்கள். மூவறை வீட்டில் சமையலறை பத்தடிதான், ஆனால் சலமோனின் எலிக்கும் தேவைப்பட்டது ஐந்து அழுத்தல்தான். செய்ய வேண்டிய வேலைக்கு இதையே திருப்பிப் போடலாம்: ஓட வேண்டுமென்றால் காலணி வாசலில் முடிச்சு அவிழ்ந்து இருக்கட்டும், எழுத வேண்டுமென்றால் நேற்று பாதியில் விட்ட வரி திரையில் திறந்தே இருக்கட்டும்.

தூக்கத்தைச் சரிசெய்யாமல் இதில் எதுவும் நிற்காது. ஒரே ஓர் இரவு கண்விழித்தாலே ஸ்ட்ரையேட்டத்தில் டி2 ஏற்பி குறைந்து தெரிகிறது என்று நோரா வோல்கோவ் குழு 2012இல் காட்டியது. மறுநாள் கோப்பி ஓ (பாலில்லாத காப்பி) கைகொடுக்கும், கஃபைன் தூக்கம் வரவைக்கும் அடினோசினைத் தடுக்கிறது. விட்டுப்போன தூக்கத்தை அது திருப்பித் தராது.

பிள்ளைகளுக்கு வருவோம். தொடக்கநிலை ஆறாம் வகுப்புத் தொடங்கும்போதே "நாலு பாடத்திலயும் ஏ.எல். 1 வாங்கு, ஐபோன் வாங்கித் தர்றேன்" என்பது இங்கே சகஜம். ஏ.எல். 1 என்பது ஆண்டுக் கடைசியில் வரும் தேர்வில் ஒரு பாடத்துக்கு உச்சத் தரம். டோபமைன் கணக்கில் இது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. பரிசு பத்து மாதம் தள்ளி இருக்கிறது, எந்த நாள் எந்தப் பயிற்சிக்கு அது கிடைத்தது என்று மூளையால் கோக்க முடியாது, நடுவில் நூறு சின்னத் தோல்விகள். மறுபக்கம், பக்கத்துக்கு ஐம்பது காசு என்று உடனுக்குடன் கொடுக்கும் பெற்றோர் பரோட்டா கடைக் குழியில் விழுகிறார்கள். 1973இல் மார்க் லெப்பர் குழு, படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரைந்த பிறகு சான்றிதழைக் கொடுத்தது. சில நாள் கழித்து, சான்றிதழ் இல்லாதபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. ஆக, கொடுப்பதென்றால் முன்பே விலை பேசாமல், முயற்சி முடிந்த உடனே, சிறியதாக. "அந்த மூணாவது கணக்கை வேற வழியில போட்டியே, எப்படி யோசிச்சே?" என்பதும் பரிசுதான், அதற்குச் செலவுமில்லை. பின்னத்தில் தடுமாறுகிற பிள்ளைக்குப் பத்துக் கணக்கில் ஏழெட்டு வருகிற தரத்தில் கொடுங்கள். பத்தும் வந்தால் பிழை 0, கற்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு மட்டும் வந்தால் "விடு" பாதைதான் வலுப்படும்.

பூல்ஸ் கடை வரிசைக்குத் திரும்பினால், கசினோவுக்கு இருப்பது மாதிரி அங்கே வாசற்கதவு இல்லை. கசினோவில் அடையாள அட்டை பார்க்கிறார்கள், தானாகவோ குடும்பத்தார் விண்ணப்பித்தோ விலக்கு உத்தரவு வாங்கலாம், வாங்கியதை மனம் மாறிய அன்றே விலக்கிக்கொள்ள முடியாது. கை மீறியவர்களுக்கு அதுவும் 1800-6-668-668 என்ற உதவி எண்ணும்தான் வழி. வாரம் ஐந்து வெள்ளிக்குப் பொழுதுபோக்காகக் கட்டுகிறவருக்கு வேறொன்று. கிளார்க்கின் ஆய்வில் மயிரிழைத் தோல்வி ஆசையைக் கூட்டியது ஆடியவர் தானே தேர்ந்தெடுத்த ஆட்டங்களில்தான். கணினி தேர்ந்தெடுத்தபோது அப்படி இல்லை. பேத்தி பிறந்த நேரத்தைக் கட்டுகிறவரால் ஒரு குலுக்கலையும் விட முடியாது, விட்ட அன்று அந்த நம்பர் வந்துவிட்டால் என்ற பயம் வாரம் மூன்று தடவை வரும். ஒரு வெள்ளி 'பிக்' கட்டினால் நீண்டகாலச் சராசரியில் திரும்புவது 66 காசு, எந்த நம்பராக இருந்தாலும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இயந்திரமே நம்பர் எடுக்கும் 'குவிக் பிக்' (Quick Pick) சொல்லி, சீட்டைப் பார்க்காமல் மடித்துப் பர்ஸில் வைத்து, ஞாயிறு இரவு மொத்தமாகச் சரிபாருங்கள். நாலு இலக்கமும் மனதில் இல்லாதவருக்கு எது ஒரு நம்பரில் போனது என்று தெரியாது.